2,645 கிலோமீட்டரும் 25 மணி நேரமும்: திப்ருகரிலிருந்து மதுரைக்கு

2018 டிசம்பரில் ஒரு நாள் விடியற்காலை ஐந்து பத்துக்கு மதுரையிலிருந்து தங்கை அழைத்தாள். முந்தைய இரவு அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம், நாளைக் காலையில் அறுவை சிகிச்சை என்று சொல்லி முடித்துவிட்டு, "எப்பண்ணே வருவீங்க?" என்று கேட்டாள். நான் அப்போது அசாமின் கிழக்குக் கோடியில், தின்சுகியாவுக்கு அப்பால் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பொறியாளராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதுவரை ஊருக்குப் போனதெல்லாம் ரயிலில்தான். திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது. இந்தியாவிலேயே மிக நீண்ட ரயில் பயணம் அதுதான். நான் கோயம்புத்தூரில் இறங்கி மதுரைக்குப் பேருந்து பிடிப்பேன். அந்த ரயில் அப்போது வாரத்துக்கு ஒரு நாள்தான் புறப்படும். அன்று அதற்கான நாளும் இல்லை.

கைப்பேசியில் திப்ருகர், மதுரை என்று இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் கொடுத்துத் தேடினேன். தூரம் 2,645 கி.மீ., பறக்கும் நேரம் 3 மணி 48 நிமிடம் என்று வந்தது. அதைப் பார்த்த தைரியத்தில், "மத்தியானச் சாப்பாட்டுக்கு இல்லாவிட்டாலும் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு மேல்தான் மருத்துவமனை வாசலை மிதித்தேன். அழைப்பு வந்ததிலிருந்து கணக்கிட்டால் 25 மணி நேரத்துக்கும் சற்று அதிகம். அந்த 3 மணி 48 நிமிடத்துக்கும் இந்த 25 மணி நேரத்துக்கும் நடுவே என்னதான் இருக்கிறது என்பதை, அதற்குப் பிறகு இதே தடத்தில் பலமுறை போய் வந்துதான் கற்றுக்கொண்டேன். தொலைவில் உள்ள இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு இடையே, முக்கியமாக அவசரத்துக்கு, பயணம் செய்ய வேண்டியிருப்பவர்களுக்கு இது பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நேரடி விமானம் கிடையாது என்பது தேடிய இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. திப்ருகர்–கொல்கத்தா, கொல்கத்தா–சென்னை, சென்னை–மதுரை என்று மூன்று கட்டமாகப் போக வேண்டும். மூன்றையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக எடுத்தால் விலை மிக அதிகமாகக் காட்டியது. தனித்தனியாக, இரண்டு வெவ்வேறு நிறுவனங்களில் எடுத்தால் ஏறத்தாழ பாதிதான். பதற்றத்திலும் சிக்கனம் பார்க்கும் நடுத்தரக் குடும்பத்துப் புத்தி, தனித்தனியாகவே எடுத்தேன். முதல் விமானம் பதினொன்றரைக்குப் புறப்பட்டு ஒன்று ஐந்துக்குக் கொல்கத்தாவில் இறங்கும்; அடுத்தது இரண்டு ஐம்பதுக்கு. இடையில் ஒன்றே முக்கால் மணி நேரம். தாராளம் என்று நினைத்தேன்.

குளிர்காலத்தில் கொழுந்து பறிப்பு நின்றுவிடும் என்பதால் அசாமின் தேயிலைத் தொழிற்சாலைகளில் இயந்திரங்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் வேலை அந்த மாதங்களில்தான் நடக்கும். என் தோள்பையின் பக்கவாட்டு அறையில் எப்போதும் ஒரு டெஸ்டர், இரண்டு ஸ்பேனர்கள், ஒரு கட்டிங் பிளேயர் இருக்கும். அந்தப் பிளேயர், மதுரையில் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, நான் வேலைக்குக் கிளம்பியபோது கொடுத்தது. பையை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தேன். திப்ருகரின் விமான நிலையமான மோகன்பாரியில், பாதுகாப்புச் சோதனையின்போது பை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் இருமுறை போய் வந்தது. கருவிகளைக் கையில் எடுத்துச் செல்ல முடியாது, இங்கேயே போட்டுவிடுங்கள் அல்லது பையைக் கவுண்டரில் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். ஸ்பேனரைப் போட்டுவிடலாம், பிளேயரைப் போட மனம் வரவில்லை. திரும்பிப் போய் மூன்று கிலோ கூட இல்லாத பையைச் சரக்காகப் பதிவு செய்தேன்.

பிரம்மபுத்திரா கரையில் டிசம்பர் காலைப் பனிமூட்டம் விலக நேரமாகும். உள்ளே வர வேண்டிய விமானம் தாமதமானதால் நாங்கள் நாற்பது நிமிடம் பிந்திப் புறப்பட்டோம். கொல்கத்தாவில் இறங்கியபோது ஒன்று நாற்பத்தைந்து. கையில் பையோடு நேராக மேலே ஏறிப் போயிருந்தால், நுழைவுச் சீட்டு கைப்பேசியிலேயே இருந்ததால், வாயில் அடைக்கும் இரண்டு இருபத்தைந்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் நான் சாமான் வரும் பட்டைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கறுப்பு ரப்பர் பட்டை ஒரு குலுக்கலோடு நகரத் தொடங்கி, பிறர் பெட்டிகளையெல்லாம் இரண்டு சுற்று காட்டிவிட்டு, என் பையை இரண்டு பன்னிரண்டுக்குக் கொண்டு வந்தது. அதை மீண்டும் பதிவு செய்ய வேண்டும். பதிவுக் கவுண்டரோ புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே, அதாவது ஒன்று ஐம்பதுக்கே, மூடப்பட்டிருந்தது. இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால், முதல் நிறுவனத்துக்கு என் அடுத்த விமானத்தைப் பற்றிக் கவலையில்லை. இரண்டாம் நிறுவனத்துக்கு நான் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மும்மடங்கு விலை கொடுத்து ஐந்து ஐம்பத்தைந்து விமானத்தில் சென்னை வந்து இறங்கியபோது மணி எட்டு இருபத்தைந்து. மதுரைக்கான கடைசி விமானம் போய்விட்டிருந்தது. எதிரே திரிசூலம் நிலையத்தில் மின்சார ரயில் ஏறி, பெருங்களத்தூரில் இறங்கி, மதுரைக்குப் போகும் பேருந்து ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி ஏறினேன். மாட்டுத்தாவணியில் இறங்கும்போது ஆறு மணி ஆகப் போகிறது.

அப்பா உடல் தேறி எழுந்த பிறகு ஒரு நாள், தங்கையின் மகள் வைத்திருந்த பள்ளிக்கூட உலக உருண்டையை எடுத்து, தையல் நூலை மதுரையில் ஒரு விரலாலும் அசாமின் மூலையில் ஒரு விரலாலும் அழுத்தி விறைப்பாக இழுத்துப் பார்த்தேன். இணையத்தில் வரும் தூரம் இந்த நூலின் நீளம்தான். உருண்டையின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வளைகோடு. பெருவட்டத் தூரம் என்பார்கள். மதுரை விமான நிலையம் ஏறக்குறைய 9.83 பாகை வடக்கு, 78.09 பாகை கிழக்கு, மோகன்பாரி 27.48 வடக்கு, 95.02 கிழக்கு. இந்த நான்கு எண்களைக் கொடுத்தால் போதும், பள்ளியில் படித்த கோணவியலைக் கொண்டே 2,645 கி.மீ. என்று எவரும் கணக்கிட்டுவிடலாம். விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் சொன்னால் 1,428. அந்தக் கோடு மதுரையிலிருந்து வடகிழக்காகக் கிளம்பி, திருச்சிக்குச் சற்றுக் கிழக்காகப் போய், புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, வங்கக் கடலின் மேல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சென்று, சுந்தரவனக் காட்டில் மீண்டும் நிலத்தைத் தொட்டு, டாக்காவுக்குக் கிழக்கிலும் சில்ஹெட் அருகிலும் ஏறி, மேகாலயக் குன்றுகளைத் தாண்டி அசாமுக்குள் இறங்குகிறது. அழகான கோடு. அதில் பறக்கும் பயணி விமானம் ஒன்றுகூட இல்லை.

பறக்கும் நேரம் என்று வருவது இன்னும் எளிய கணக்கு. தூரத்தை மணிக்கு 800 கி.மீ. என்ற சராசரி வேகத்தால் வகுத்து, ஏற்ற இறக்கத்துக்கு அரை மணி நேரம் கூட்டியிருக்கிறார்கள். 2,645-ஐ 800-ஆல் வகுத்தால் 3 மணி 18 நிமிடம். அதோடு முப்பது நிமிடம். நான் நம்பிய 3 மணி 48 நிமிடம் அப்படிப் பிறந்ததுதான். அதில் எந்த நிறுவனத்தின் கால அட்டவணையும் இல்லை. அப்படி ஒரு விமானம் இருக்கிறதா என்ற கேள்வி கூட அதற்குள் இல்லை.

அப்படியானால் நாங்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு போவதால்தான் இவ்வளவு நேரமாகிறது என்று நினைத்தேன். கட்டம் கட்டமாகத் தூரத்தைக் கணக்கிட்டபோதுதான் வியப்பு. மதுரை–சென்னை 418 கி.மீ., சென்னை–கொல்கத்தா 1,386 கி.மீ., கொல்கத்தா–திப்ருகர் 852 கி.மீ.; மூன்றையும் கூட்டினால் 2,656. நேர்கோட்டை விட வெறும் 11 கி.மீ. அதிகம்! சென்னையும் கொல்கத்தாவும் ஏறத்தாழ அந்த நூலின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. மதுரைக்காரர்கள் நகருக்குள்ளிருந்து விமான நிலையத்துக்குப் போகும் தூரம்தான் அந்த 11 கி.மீ. ஆகவே தூரம் குற்றவாளி அல்ல.

நேரம் எங்கே போகிறது என்றால், பாதி நிற்பதில் போகிறது, மீதியில் ஒரு பங்கு மெதுவாக நகர்வதில் போகிறது. நிறுவனங்கள் அட்டவணையில் போடும் நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த ஊரில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்பது வரை உள்ள நேரம். ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, மேலேறுவது, இறங்குவதற்கு முன் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடங்கும். மதுரை–சென்னைக்கு ஏடிஆர் என்ற சிறிய விசிறி விமானத்தில் 80 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 418 கிலோமீட்டருக்கு மணிக்கு 313 கி.மீ. வேகம்தான் வருகிறது. சென்னை–கொல்கத்தா 2 மணி 25 நிமிடம் என்றால் 573 கி.மீ. கொல்கத்தா–திப்ருகர் 95 நிமிடம் என்றால் 538 கி.மீ. கட்டம் எவ்வளவு குறுகியதோ அவ்வளவுக்குத் தரையோடு கட்டிப்போட்ட நிமிடங்களின் பங்கு கூடிவிடுகிறது. மூன்றையும் கூட்டினால் 5 மணி 20 நிமிடம். இதற்கு மேல் இரண்டு இடங்களில் காத்திருப்பு, புறப்படும் ஊரில் முன்கூட்டியே போவது, தோட்டத்திலிருந்து மோகன்பாரிக்கு 55 கி.மீ. சாலை என்று சேரும்போது, எதுவும் தவறாமல் நடந்தாலே பதினான்கு மணி நேரம் ஆகிவிடுகிறது.

நேரடி விமானம் ஏன் இல்லை என்று அப்பா ஒருமுறை கேட்டார். ஏ320 போன்ற விமானத்துக்கு 2,645 கி.மீ. ஒரு பொருட்டே அல்ல. இரு மடங்கு தூரம் நிற்காமல் போகும். ஆனால் அதில் 180 இருக்கைகள். மதுரைக்கும் திப்ருகருக்கும் இடையே நாள்தோறும் 180 பேர் எங்கே கிடைப்பார்கள்? ராணுவத்தில் இருப்பவர்கள், எண்ணெய் வயலில் இருப்பவர்கள், என்னைப் போல் தோட்டத்தில் இருக்கும் சிலர், அவ்வளவே. எழுபத்தெட்டு இருக்கை உள்ள ஏடிஆர் ஒருவேளை வாரத்தில் ஒரு நாள் நிரம்பலாம். அது நிறைந்த பயணிகளோடு ஏறத்தாழ 1,500 கி.மீ. வரைதான் பறக்கும். நிரம்பக்கூடிய விமானத்தால் அவ்வளவு தூரம் பறக்க முடியாது. பறக்கக்கூடிய விமானம் நிரம்பாது. சிறு நகரங்களை இணைக்க 2016-இல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டம் தொடக்கத்தில் குறுகிய தடங்களுக்கானதாகவே இருந்தது. இந்தத் தடம் அதன் கைக்கு எட்டவில்லை. மாறாக, திப்ருகரிலிருந்து கொல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் நல்ல எண்ணிக்கையில் விமானங்கள் இருப்பதற்கு ஒரு காரணம், 1994 முதல் நடைமுறையில் உள்ள ஒரு விதி. பெரு நகரங்களுக்கு இடையே விமானம் ஓட்டும் நிறுவனங்கள் அந்தத் திறனில் ஒரு பங்கை வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான் போன்ற பகுதிகளுக்கும் ஒதுக்கியாக வேண்டும். எனவே பெரு நகரம் ஒன்றைத் தொட்டுப் போகும் பாதையைத் தேடுவதுதான் நடைமுறைக்கு உகந்தது.

இதை ஒப்புக்கொண்ட பிறகு, நான் கிலோமீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு நிறுத்தங்களை எண்ணத் தொடங்கினேன். மதுரைக்கும் டெல்லிக்கும் நேரடி விமானம் ஓடிய காலத்தில் ஒருமுறை டெல்லி வழியாகப் போய்ப் பார்த்தேன். வரைபடத்தில் பார்த்தால் பைத்தியக்காரத்தனம்: திப்ருகர்–டெல்லி 1,761 கி.மீ. மேற்கே, பிறகு அங்கிருந்து 2,085 கி.மீ. நேர் தெற்கே, மொத்தம் 3,846 கி.மீ. நேர்கோட்டை விட 1,200 கி.மீ. கூடுதல். ஆனால் இடையில் நிறுத்தம் ஒன்றுதான். அன்று தோட்டத்தை விட்டு ஏழு மணிக்குக் கிளம்பி, பத்து பத்து விமானத்தைப் பிடித்து, ஒன்று ஐந்துக்கு டெல்லியில் இறங்கி, மூன்று ஐம்பதுக்கு மதுரை விமானத்தில் ஏறி, இரவு எட்டு மணிக்குள் வீட்டுத் திண்ணையில் செருப்பைக் கழற்றினேன். பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்கு முந்தைய முறை ஒரே டிக்கெட்டில் கொல்கத்தா, சென்னை வழியாக எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தபோது 14 மணி 10 நிமிடம் ஆகியிருந்தது. வானில் இருந்த நேரம் டெல்லிப் பாதையில்தான் அதிகம். மொத்த நேரம் அதில்தான் குறைவு. ஒவ்வொரு நிறுத்தமும் இரண்டு மணி நேரத்தை விழுங்குவதோடு, தவறிப்போவதற்கு ஒரு வாய்ப்பையும் கொண்டு வருகிறது. எனக்கு இந்த இரண்டாவது காரணமே முதன்மையானது. டெல்லியில் மட்டும் எந்த முனையத்தில் இறங்கி எந்த முனையத்தில் ஏறுகிறோம் என்று டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் முனையத்துக்கும் மூன்றாம் முனையத்துக்கும் இடையே சாலை வழியாகப் பேருந்தில் போக வேண்டும்; அது வேறு ஊருக்குப் போவது போல. கொல்கத்தாவில் 2013 முதல் எல்லாம் ஒரே கட்டடத்துக்குள் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. சென்னையில் உள்நாட்டுச் சேவை இப்போது முதல் முனையம், நான்காம் முனையம் என்று பிரிந்திருக்கிறது.

டெல்லிப் பாதையில் இன்னொன்றையும் கவனித்தேன். போகும்போதும் வரும்போதும் நேரம் ஒன்றல்ல. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே, விமானங்கள் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் கடும் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. மணிக்கு 200 கி.மீ. வேகத்தை எட்டுவது சாதாரணம். டெல்லியிலிருந்து திப்ருகருக்கு அது முதுகைத் தள்ளிவிடும்; திரும்பும்போது மார்பில் அறையும். ஜனவரியில் இரண்டு திசைக்கும் அரை மணி நேரம் வரை வேறுபாடு இருக்கும். தூரம் காட்டும் கணக்கி இரண்டு திசைக்கும் ஒரே எண்ணைத்தான் தரும். சென்னை–கொல்கத்தா தடத்தில் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில் வருவதால் இவ்வளவு தெரியாது.

இனி சூரியனைப் பற்றி. திப்ருகருக்கும் மதுரைக்கும் தீர்க்கரேகையில் 17 பாகை வேறுபாடு; பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் 68 நிமிடம். கடிகாரம் ஒன்றாக இருந்தாலும் சூரியன் ஒன்றல்ல. டிசம்பரில் மதுரையில் ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும். மோகன்பாரியில் நாலேகாலுக்குப் பொழுது சாய்ந்துவிடும், ஐந்து மணிக்கு நல்ல இருட்டு. இதனால்தான் அசாமின் தேயிலைத் தோட்டங்கள் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்கு வைத்துக்கொள்கின்றன. அதற்குப் பாகான் நேரம் என்று பெயர். பாகான் என்றால் தோட்டம். எங்கள் தொழிற்சாலைச் சங்கு ஊதுவது அந்த நேரப்படிதான். வந்த புதிதில் தோட்டத்து ஓட்டுநரிடம் "காலை ஏழு மணிக்கு வண்டி வேண்டும்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அவர் இந்திய நேரப்படி ஆறு மணிக்கே வந்து ஹார்ன் அடித்தார். முன்னால் வருவதால் கெடுதல் இல்லை என்று விட்டுவிட்டேன். ஆனால் திரும்பி வரும் நாளில் "நான்கு மணிக்கு விமான நிலையத்துக்கு வாருங்கள்" என்று சொல்லி, அவர் மூன்று மணிக்கே வந்து, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, என் விமானமும் தாமதமானதால் நான் வரவில்லை போலும் என்று திரும்பிப் போய்விட்டார். இருட்டில், பனியில், யானைகள் குறுக்கே வரக்கூடிய அந்தச் சாலையில் வாடகை வண்டி எதுவும் வர ஒப்புக்கொள்ளவில்லை; அன்று இரவு திப்ருகரில் தங்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து நேரம் சொல்லும்போது விமான எண்ணையும் சேர்த்துச் சொல்கிறேன். கூடவே, இந்திய நேரமா பாகான் நேரமா என்பதையும்.

இதனால் இரண்டு திசைகளுக்கும் திட்டமிடுவது வேறு வேறு. ஊருக்கு வரும்போது, கடைசிக் கட்டம் பிசகினாலும் தமிழ்நாட்டில் இரவுப் பேருந்து இருக்கிறது. சென்னையில் இறங்கிவிட்டால் மறுநாள் காலை மதுரை உறுதி. மதுரைக்கு இருக்கை இல்லையென்றால் திருச்சிக்கோ தூத்துக்குடிக்கோ பாருங்கள். இரண்டும் மதுரையிலிருந்து இரண்டரை மணி நேரச் சாலைதான். அசாம் பக்கம் அந்தச் சொகுசு கிடையாது. மூன்று மணிக்குள் மோகன்பாரியில் இறங்கும்படி இருந்தால்தான் வெளிச்சத்தில் தோட்டம் போய்ச் சேரலாம். மதுரையிலிருந்து அதே நாளில் அப்படி வந்து சேர்வது எப்போதாவதுதான் வாய்க்கும். எனவே திரும்பும்போது மாலை விமானத்தில் கொல்கத்தா வந்து, இரவு தங்கி, காலையில் புறப்படுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அது ஒரு நாளை இழப்பது போலத் தோன்றும். உண்மையில் அந்த இரவு எப்படியும் எங்காவது கழியத்தான் போகிறது, நாற்காலியில் கழிவதை விடக் கட்டிலில் கழியட்டும். திப்ருகருக்கு இருக்கை கிடைக்காவிட்டால் கவுகாத்தி வரை வந்து இரவு ரயிலில் போகலாம். சாலை வழியாக அது 440 கி.மீ., எனவே டாக்ஸி என்ற எண்ணமே வேண்டாம். ஜோர்ஹாட் விமான நிலையம் அதை விட நெருக்கம், ஆனால் விமானங்கள் குறைவு.

டிக்கெட் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன் ஆகிவிட்டேன். எல்லாக் கட்டங்களும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருக்க வேண்டும். ஒரே எண்ணில் இருந்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் நிறுவனமே வேறு விமானத்தில் ஏற்றிவிட வேண்டும்; சாமானும் கடைசி ஊருக்கே போய்ச் சேரும், நடுவில் ரப்பர் பட்டைக்கு முன்னால் தவம் இருக்க வேண்டியதில்லை. விலை வேறுபாட்டை நான் காப்பீட்டுத் தொகையாகத்தான் நினைத்துக்கொள்கிறேன். தனித்தனியாக எடுத்தே தீர வேண்டும் என்ற நிலையில், நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் விடுவேன்; கையில் ஏழு கிலோவுக்கு உட்பட்ட ஒரே பை, பதிவு செய்ய எதுவும் இருக்காது. அம்மா கட்டிக்கொடுக்கும் சாம்பார்ப் பொடி இங்கேதான் குறுக்கே வரும். மிளகாய்ப் பொடி கலந்த எதையும் கைப்பையில் விடமாட்டார்கள், மிளகாய் ஊறுகாயும் அப்படியே. பொடி வேண்டுமென்றால் பெட்டியைப் பதிவு செய்ய வேண்டும், பெட்டியைப் பதிவு செய்தால் ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் இப்போது அம்மாவுக்கே மனப்பாடம். தனி டிக்கெட்டுக் காலங்களில் பொடி தபாலில் வந்தது.

தாமதமானால் என்ன கிடைக்கும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட உள்நாட்டுப் பயணம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சிற்றுண்டி தர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் போகும் என்று தெரிந்தால் மாற்று விமானமா முழுப் பணமா என்று பயணியே தேர்ந்தெடுக்கலாம். கேட்டால்தான் தருவார்கள். அதோடு, பருவத்தையும் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் டெல்லியிலும் மோகன்பாரியிலும் காலைப் பனிமூட்டம். பொதுவாக நாளின் முதல் விமானம் நம்பகமானது என்பார்கள். அந்த இரண்டு மாதங்களில் பனி விலகும் பத்து, பதினொரு மணிக்குப் புறப்படும் விமானத்தைத்தான் நான் எடுப்பேன். நவம்பர், டிசம்பரில் சென்னைக்குப் புயல் ஆபத்து. 2015 வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுதளத்திலேயே தண்ணீர் நின்றது நினைவிருக்கும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் பெங்களூரு வழியாக மாற்றிக்கொள்கிறேன்.

என் அப்பாவிடம் ஒரு பழக்கம் உண்டு. தினசரி நாட்காட்டித் தாளைக் கிழித்து எறியாமல் பின்பக்கத்தில் கணக்கு எழுதுவார். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, என் ஒவ்வொரு வருகையையும் அதில் குறிக்கத் தொடங்கினார்: தோட்டத்தை விட்ட நேரம், வாசலுக்கு வந்த நேரம், எந்த வழி, நடுவே என்ன கெட்டது. அந்தத் தாள்களைக் கோர்த்து ஆணியில் மாட்டியிருக்கிறார். இதில் நான் கொடுத்திருக்கும் நேரங்களில் பலவும் அந்தக் கத்தையிலிருந்து எடுத்தவைதான். முதல் தாளில், நான் சொல்லாமலேயே, "25 மணி. காரணம்: பிளேயர்" என்று இருக்கிறது. தங்கை சொல்லியிருக்க வேண்டும். போன முறை கிளம்பும்போது, "பையைக் காட்டு" என்று வாங்கிப் பக்கவாட்டு அறையைத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுத்தார். பிளேயர் தொழிற்சாலையில் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது என்று சொன்னேன். துரு ஏறாமல் எண்ணெய் போடுகிறாயா என்று கேட்டார்.